சொற்பட்டியலை உருப்போட்ட பிறகும் வாசிப்பில் தடுமாற்றம்: துறை ஆங்கிலத்துக்கு மொழித்தரவகம் உதவுமா?

சொல்தேடி

வணக்கம். செவிலியர் படிப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். சில மாதங்களாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். துறை ஆங்கிலம் எடுக்கும் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

வழக்கம்போல ஒரு சொற்பட்டியல் கொடுத்தேன். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ப் பொருள். மாணவர்கள் ராப்பகலாக உருப்போட்டார்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். அடுத்த வாரம் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த நோயாளி அறிக்கையைப் படிக்கக் கொடுத்தேன். அதில் 'டினைட் செஸ்ட் பெயின்' என்று ஒரு வரி. வகுப்பில் நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர் எழுந்து, "அந்த அம்மா நெஞ்சு வலியை ஏன் மறைக்கிறார்?" என்று கேட்டார்.

அவர்மேல் தப்பே இல்லை. 'டினை' என்றால் மறுத்தல் என்றுதான் என் பட்டியலில் இருந்தது. ஆனால் மருத்துவக் குறிப்பில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் கிடையாது. 'நெஞ்சு வலி உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார்' என்பதுதான் மொத்தப் பொருள். யாரும் எதையும் மறைக்கவில்லை.

அன்று இரவே கட்டணமின்றிக் கிடைக்கும் நோயாளி அறிக்கைகள் கொஞ்சத்தைத் தரவிறக்கி, ஆன்ட்கான்க் என்ற மென்பொருளில் போட்டு, 'டினை' வரும் வரிகளை மட்டும் வரிசையாக எடுத்தேன். டினைட் ஃபீவர், டினைட் வெயிட் லாஸ், டினைட் எனி ஹிஸ்டரி ஆஃப் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. மறுநாள் அந்த வரிகளைக் கரும்பலகையில் எழுதினேன். அதே மாணவி இரண்டு நிமிடத்தில் பொருளைச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு தேடத் தேட இப்படிப்பட்ட சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 'அன்ரிமார்க்கபிள்' என்றால் இயல்பாக இருக்கிறது என்று பொருள். 'டெண்டர்' என்றால் தொட்டால் வலிக்கிறது. 'இன்சல்ட்' என்பது உறுப்புக்கு நேர்ந்த பாதிப்பு. 'அப்ரிஷியேட்' என்பது சில இடங்களில் பரிசோதனையில் உணர்ந்து கண்டறிவது. எல்லாமே மாணவர்கள் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக் கடந்துபோகும் சொற்கள். பெரிகார்டைட்டிஸ் (இதய உறை அழற்சி) என்று வந்தால் நின்று பார்ப்பார்கள், 'டெண்டர்' என்று வந்தால் நிற்கமாட்டார்கள். பட்டியலை விட்டுவிட்டு முழுக்க இந்த வழியிலேயே போய்விடலாமா?

பழையசாக்பீஸ்

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பட்டியலை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு நீண்ட காலமாக ஆங்கிலம் எடுத்துவருகிறேன். பல பேருக்கு அடிப்படை ஆயிரம் சொல்லே உறுதியாக இல்லை. அவர்கள் முன்னால், மென்பொருள் காட்டும் பாதியில் வெட்டப்பட்ட 40 வரிகளை வைத்தால் என்ன ஆகும்? ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வந்தவர், அதைச் சுற்றியுள்ள தெரியாத பத்துச் சொற்களில் மாட்டிக்கொள்வார்.

ஒரு முறை கணினி அறையில் செய்து பார்த்தேன். திரை நிறைய வரிகள் வந்தன. நன்றாகப் படிக்கும் நாலு பேர் உற்சாகமாகத் தேடினார்கள், மற்றவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஆசிரியர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதை மாணவர் அரை மணி நேரம் தேட வேண்டுமா?

தொடரடைவன்

நான் மொழியியல் பின்னணி உள்ளவன். சாக்பீஸ் ஐயா சொல்லும் சிக்கல் உண்மையானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்த இழையைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை.

தரவகம், அதாவது கார்ப்பஸ் என்பது உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட மொழியை ஓர் ஒழுங்கோடு திரட்டிக் கணினியில் வைத்த தொகுப்பு. அதில் ஒரு சொல் வரும் எல்லா இடங்களையும் நடுவில் அந்தச் சொல்லை நிறுத்தி வரிசையாகக் காட்டுவது தொடரடைவு. தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்க இலக்கியத்துக்கும் திருக்குறளுக்கும் தொடரடைவு பார்த்துத்தான் ஒரு சொல்லின் பொருளை உறுதிசெய்கிறோம். அதே வேலையைத்தான் சொல்தேடி மருத்துவக் கட்டுரைகளில் செய்திருக்கிறார்.

ஆங்கிலத்துக்குக் கணினியில் தொகுக்கப்பட்ட முதல் பெரிய தரவகம் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து ஏறத்தாழ 2,000 சொல் கொண்ட 500 மாதிரிகள், மொத்தம் 10 லட்சம் சொற்கள். 1990களில் வந்த பிரிட்டிஷ் தேசியத் தரவகம் 10 கோடிச் சொற்களைக் கொண்டது. அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகா இன்று 100 கோடியைத் தாண்டிவிட்டது. 1987இல் வந்த கோபில்டு அகராதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் தரவகத்தை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டது. இன்று கற்போருக்கான பெரிய ஆங்கில அகராதிகள் எல்லாமே அந்த வழியில்தான் வருகின்றன.

இப்போது பட்டியல்களுக்கு வருவோம். நாம் வகுப்பில் கொடுக்கும் நல்ல பட்டியல்களும் தரவகத்திலிருந்து பிறந்தவைதான். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச்சொல் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உண்டு. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறைகளில் 28 பாடப்பிரிவுகளிலிருந்து 35 லட்சம் சொற்களைத் திரட்டி அதைச் செய்தார். கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ 10 சதவீதத்தை அந்த 570 குடும்பங்களே நிரப்புகின்றன. பெரிய உதவி, சந்தேகமில்லை.

ஆனால் 2007இல் ஹைலண்ட், ட்சே என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்தப் பட்டியலைத் துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அதே சொல் துறைக்குத் துறை வேறு பொருளிலும் வேறு துணைச் சொற்களோடும் வருவதைக் காட்டினார்கள். எளிய உதாரணம் 'வால்யூம்'. மொழியியல் மாணவர் அதை நூல் தொகுதி என்று சந்திக்கிறார், அறிவியல் மாணவர் கனஅளவு என்று சந்திக்கிறார். எல்லாத் துறைக்கும் சேர்த்துச் செய்த பட்டியல் ஒரு சராசரி. உங்கள் மாணவர் சராசரியைப் படிப்பதில்லை, தன் துறையின் பாடநூலைப் படிக்கிறார். மருத்துவத்துக்கென்று 2008இல் வந்த பட்டியல் ஒன்றில் 623 சொற்குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ 10.9 லட்சம் சொல் கொண்ட மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தரவகத்திலிருந்து எடுத்தது. சொல்தேடி அதையும் பார்க்கலாம். ஆனால் அதுவும் ஆய்வுக் கட்டுரைகளின் மொழிதான், வார்டில் எழுதும் குறிப்பின் மொழி அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, பட்டியலா தரவகமா என்று கேட்பதை விட, பட்டியலை எந்தத் தரவகத்திலிருந்து எடுப்பது, எடுத்த பிறகு சொல்லை எந்த வரிகளோடு காட்டுவது என்று கேட்பதுதான் பயனுள்ளதாக இருக்கும்.

இயந்திரவாசிப்பு

இயந்திரப் பொறியியல் மாணவர்களுக்கு எடுக்கிறேன். சொல்தேடி சொன்னது எங்கள் பக்கம் அப்படியே பொருந்துகிறது. 'ஸ்ட்ரெஸ்', 'ஸ்ட்ரெயின்' இரண்டுக்கும் அன்றாட ஆங்கிலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எங்கள் பாடத்தில் ஒன்று தகைவு, மற்றொன்று திரிபு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதினால் விடையே தப்பு. 'ஃபேட்டிக்' என்றால் களைப்பு என்று படித்தவர், உலோகத்தில் திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் விரிசல் விடுவதை எப்படி ஊகிப்பார்? 'க்ரீப்', 'யீல்ட்', 'டாலரன்ஸ்' எல்லாம் இந்த வகைதான். ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னஸ், ஹார்ட்னஸ், டஃப்னஸ் நான்கும் வெவ்வேறு அளவுகள். அகராதியைப் பார்த்து வலிமை, விறைப்பு, கடினம், உறுதி என்று எழுதிக்கொண்ட மாணவர், மறுநாள் எது எது என்று குழம்புகிறார். தொடரடைவில் பார்த்தால் ஹார்ட்னஸ் பக்கத்தில் உள்தள்ளும் சோதனையும், டஃப்னஸ் பக்கத்தில் முறிவும், ஸ்டிஃப்னஸ் பக்கத்தில் வளைவும் வந்து நிற்கின்றன. பக்கத்துச் சொல்லே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். முதல் முறை ஒரே பாடநூலை மட்டும் போட்டுப் பட்டியல் எடுத்தேன். பம்ப் தொடர்பான சொற்கள் மேலே வந்து நின்றன. அவற்றை முக்கியம் என்று வைத்து இரண்டு வாரம் எடுத்தேன். அப்புறம் பார்த்தால் அவை அத்தனையும் ஒரே அத்தியாயத்திலிருந்து வந்தவை. மொத்தம் எத்தனை முறை வருகிறது என்பதோடு, எத்தனை கோப்புகளில் பரவி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். இப்போது பரவலைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சாக்பீஸ் ஐயா சொன்ன பலவீனமான மாணவர்களுக்காக ஒரு செய்தி. ஜெரமி வார்டு என்பவர் 2009இல், ஆங்கிலத்தில் பின்தங்கிய பொறியியல் மாணவர்களுக்கென்றே 299 சொல் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் சொற்குடும்பங்கள் கிடையாது, சொல்வடிவங்கள் மட்டும்தான். 'டிட்டர்மைன்' தெரிந்தால் 'டிட்டர்மினேஷன்' தானாகத் தெரியும் என்று பலவீனமான மாணவரிடம் எதிர்பார்க்க முடியாது. நாம் வகுப்பில் தினமும் காணும் உண்மை இது.

மூன்றாம்_ஆண்டு

நான் ஆசிரியர் இல்லை, செவிலியர் படிப்பு மாணவி. இழையைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. பெரிய மருத்துவப் பெயர்கள் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. உடற்கூறியல் வகுப்பிலேயே அவற்றைப் படம் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். 'வால்' என்றால் சுவர், 'ஃப்ளோர்' என்றால் தரை என்று தெரிந்த நான், செஸ்ட் வால், பெல்விக் ஃப்ளோர் என்று முதல் முறை படித்தபோது வெகுநேரம் திகைத்து நின்றேன். தெரியாது என்று கேட்கவும் கூச்சம், ஏனென்றால் அவை சின்னச் சொற்கள். சின்னச் சொல்லைக் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்ற பயம். ஆசிரியர்கள் தயவுசெய்து அவற்றை நீங்களே வகுப்பில் எடுங்கள்.

சொல்தேடி

மூன்றாம்_ஆண்டு, மிக்க நன்றி அம்மா. நீங்கள் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் இது.

சாக்பீஸ் ஐயாவுக்கு: மாணவர்களைக் கணினி முன் உட்கார வைக்கவே இல்லை. தேடுவதை நான் வீட்டில் செய்கிறேன். கிடைக்கும் வரிகளில் பத்துப் பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் அச்செடுக்கிறேன். வரி பாதியில் வெட்டுப்பட்டால் முழு வாக்கியமாக நீட்டிக்கொள்கிறேன். கடினமான வேறு சொல் நிறைந்த வரிகளைத் தள்ளிவிடுகிறேன். ஆனால் வாக்கியத்தை மாற்றி எழுதுவதில்லை. மாற்றினால் அது என் ஆங்கிலம் ஆகிவிடும்.

போன வாரம் செய்தது 'கம்ப்ளெய்ன்'. ஆறு வரிகள் பொது ஆங்கிலத்திலிருந்து, ஆறு வரிகள் நோயாளி அறிக்கைகளிலிருந்து. கேள்விகள் மூன்றுதான். வலப்பக்கம் அடுத்து நிற்கும் சொல் எது? அதற்கும் அடுத்து என்ன வகைச் சொற்கள் வருகின்றன? இரண்டு தொகுதிக்கும் என்ன வித்தியாசம்? பொது ஆங்கிலத்தில் 'கம்ப்ளெய்ன் அபௌட்' என்று வந்து சேவை, சத்தம், விலை என்று போகிறது. மருத்துவத்தில் 'கம்ப்ளெய்ன் ஆஃப்' என்று வந்து தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று போகிறது. இரண்டு பேராக உட்கார்ந்து பேசி, ஆறேழு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மாணவர், "அப்படியென்றால் இது புகார் இல்லை மேடம், சொல்கிறார் என்றுதான் அர்த்தம்" என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை என்னால் எழுதியிருக்க முடியாது.

'அட்மினிஸ்டர்' எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பொருளைத் தாண்டி அந்தச் சொல்லின் நடையே கண்ணில் படுகிறது. மருந்துதான் முன்னால் வருகிறது, வினை செயப்பாட்டில் நிற்கிறது, பின்னால் வாய்வழியாகவா ரத்தக்குழாய்வழியாகவா என்பது வருகிறது. இலக்கண வகுப்பில் செயப்பாட்டு வினை என்று தனியாக எடுத்தபோது தூங்கியவர்கள் இதில் விழித்துக்கொண்டார்கள்.

பழையசாக்பீஸ்

தாளில் கொடுப்பது நல்ல யோசனை. நான் அதைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கேள்விகள் இன்னும் உண்டு. ஒன்று, இப்படிக் கற்றவர்கள் பட்டியல் படித்தவர்களைவிட நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறதா? வகுப்பு உற்சாகமாக இருந்தது என்பது போதாது. இரண்டு, செவிலியர் நாளெல்லாம் பேசுகிறார், கேட்கிறார். எழுதப்பட்ட கட்டுரையிலிருந்து எடுத்த சொல் அங்கே எப்படி உதவும்?

தொடரடைவன்

இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்.

சான்று இருக்கிறது. பூல்ட்டன், காப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017இல், மொழி கற்றலில் தரவகத்தைப் பயன்படுத்திய 64 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தரவகத்தோடு கற்றவர்கள் தங்கள் முந்தைய நிலையோடு ஒப்பிட்டாலும், வேறு முறையில் கற்ற குழுவோடு ஒப்பிட்டாலும் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்தவை. ஆகையால் அடிப்படைச் சொல்லே உறுதியாக இல்லாதவர்கள் பற்றிய உங்கள் கவலையை அது முழுதாகத் தீர்த்துவிடாது. அவர்களுக்கு முதல் இரண்டாயிரம் சொல்லைப் பட்டியலாக, அட்டையாக, எப்படி வேண்டுமானாலும் உறுதிப்படுத்துங்கள். தொடரடைவு அதற்கு அப்புறம்.

மாணவரே வரிகளைப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்கும் இந்த முறைக்குத் தரவு வழிக் கற்றல் என்ற பெயரைக் கொடுத்தவர் டிம் ஜான்ஸ். பர்மிங்காமில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர், 1990 வாக்கில் இதை எழுதத் தொடங்கினார். மாணவர் கொண்டுவரும் சந்தேகத்திலிருந்து தொடங்குவதுதான் அவர் வழி. சொல்தேடி தொடங்கியதும் அங்கிருந்துதானே? ஒரு மாணவியின் கேள்வியிலிருந்து.

பேச்சு பற்றி: நீங்கள் சொல்வது சரி, பேச்சுத் தரவகங்கள் குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைகேஸ் என்ற தரவகத்தில் விரிவுரை, ஆய்வக உரையாடல், மாணவர் ஆலோசனை என்று ஏறத்தாழ 18 லட்சம் சொற்கள் உண்டு, இலவசமாகத் தேடலாம். ஆனால் அது பல்கலைக்கழகப் பேச்சு. மருத்துவமனைப் பேச்சைத் திரட்டுவது நோயாளியின் அந்தரங்கம் சார்ந்தது, முறையான அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. சொல்தேடிக்கும் இதையே அழுத்திச் சொல்கிறேன்: வார்டுக் குறிப்புகள் கைக்குக் கிடைத்தாலும் தரவகத்தில் சேர்த்துவிடாதீர்கள். வெளியான, திறந்த உரிமத்தில் உள்ள அறிக்கைகள் போதும்.

பேச்சுக்கு எழுத்துத் தரவகம் முழுப் பதில் அல்ல. அந்த இடைவெளியை நடித்துப் பார்க்கும் பயிற்சியால்தான் நிரப்ப வேண்டும்.

கறுப்புக்கோட்டு

சட்டம் படிப்பவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எங்கள் துறையில் தனிச்சொல்லைவிடச் சொற்றொடர்தான் உயிர். 'சப்ஜெக்ட் டு', 'நாட்வித்ஸ்டாண்டிங்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒப்பந்தத்தில் 'சப்ஜெக்ட் டு கிளாஸ் 5' என்று தொடங்கினால், இந்தப் பிரிவு 5ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது. 'நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ் 5' என்றால், 5ஆம் பிரிவு என்ன சொன்னாலும் இந்தப் பிரிவே மேலோங்கும். நேர் எதிர்ப் பொருள். மாணவர்கள் இரண்டையும் ஏதோ வழக்கமான சட்ட அலங்காரம் என்று தாண்டிப் போகிறார்கள். கட்சிக்காரர் உரிமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கும்.

சொற்பட்டியலில் இவை வராது. 'சப்ஜெக்ட்' வரும், பாடம் என்றோ பொருள் என்றோ எழுதியிருக்கும். மென்பொருளில் மூன்று சொல், நான்கு சொல் தொடர்களைக் கணக்கெடுக்கச் சொன்னால், இன் ரெஸ்பெக்ட் ஆஃப், ஃபார் தி பர்ப்பசஸ் ஆஃப், இன் அக்கார்டன்ஸ் வித் என்று வரிசைகட்டி வந்து நிற்கும். எங்களுக்கு வேண்டியது அதுதான். 'கன்சிடரேஷன்' ஒப்பந்தச் சட்டத்தில் கைம்மாறு. 'ரிலீஃப்' நீதிமன்றத்திடம் கேட்கும் தீர்வு. 'ஹெல்ட்' என்றால் நீதிமன்றம் தீர்மானித்தது. இவற்றின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 'ஹெல்ட் தட்' என்பதற்கு முன்னால் பெரும்பாலும் ஒரு நீதிமன்றமோ நீதிபதியோ இருக்கும்.

இதை விளக்க மாணவர்களிடம் தமிழிலிருந்தே தொடங்குகிறேன். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது. மழை வீசுகிறது என்று ஏன் சொல்வதில்லை என்று கேட்டால் யாருக்கும் விதி தெரியாது, ஆனால் யாரும் தப்புச் செய்வதில்லை. ஆயிரம் முறை கேட்டதால் வந்த அறிவு அது. ஆங்கிலத்தில் அந்த ஆயிரம் முறை நமக்குக் கிடைக்கவில்லை. தொடரடைவு அதில் ஒரு பங்கையாவது ஒரே பக்கத்தில் தருகிறது.

புதுவரவு

எல்லாம் படித்தேன், ஆர்வமாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: இப்போது செயற்கை நுண்ணறிவிடம் 'டினை வரும் பத்து மருத்துவ வாக்கியம் கொடு' என்றால் உடனே கொடுத்துவிடுகிறதே. தரவகம் எதற்கு? அப்புறம், தொடங்க வேண்டுமென்றால் எங்கிருந்து?

தொடரடைவன்

அது தரும் வாக்கியம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது புதிதாக ஆக்கிய வாக்கியம், யாரோ ஒரு மருத்துவர் தன் வேலைக்காக எழுதிய வாக்கியம் அல்ல. 'கம்ப்ளெய்ன் ஆஃப்' அதிகமா 'கம்ப்ளெய்ன் அபௌட்' அதிகமா என்று கேட்டால், உங்கள் கோப்புகளில் எத்தனை என்று எண்ணிச் சொல்வது தரவகம்தான். நானும் நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்துகிறேன், தேர்ந்தெடுத்த உண்மை வரிகளை வைத்துக் கோடிட்ட இடப் பயிற்சி தயாரிக்க. வரிகளை மட்டும் அதனிடம் கேட்பதில்லை.

தொடங்குவதற்கு எதையும் கட்டமைக்க வேண்டாம். ஸ்கெல் என்ற இலவச இணையக் கருவியில் ஒரு சொல்லை இட்டால் 40 முழு வாக்கியம் வரை தரும். பாதியில் வெட்டாது, சாக்பீஸ் ஐயாவின் மாணவர்களுக்கு ஏற்றது. கோகாவில் இலவசமாகப் பதிவுசெய்து, கல்வி எழுத்து, செய்தி, பேச்சு என்று வகைவாரியாக ஒப்பிடலாம். சொந்தத் துறைக்கு என்று வரும்போது ஆன்ட்கான்க். வசேதா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கி இலவசமாகத் தருகிறார்.

இயந்திரவாசிப்பு

சொந்தத் தரவகம் கட்டுகிறவர்களுக்கு, நேரம் எங்கே போகும் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்: சுத்தம் செய்வதில். தேடல் ஐந்து நிமிட வேலை. கோப்புகளைத் தயார்செய்வது நாள்கணக்கில் இழுக்கும்.

பி.டி.எஃப் கோப்பை எளிய உரையாக மாற்றி, யு.டி.எஃப்-8 முறையில் சேமியுங்கள். மேற்கோள் பட்டியல், பக்கத் தலைப்பு, அட்டவணை எண்கள் அத்தனையையும் நீக்குங்கள். இல்லையென்றால் இதழின் பெயரே அதிகம் வரும் சொல்லாக வந்து நிற்கும். வரி முடிவில் கோடு போட்டு உடைத்த சொற்களை ஒட்ட வேண்டும். இன்னொன்று என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. சில பி.டி.எஃப்களில் எஃப் எழுத்தும் ஐ எழுத்தும் ஒட்டி ஒரே எழுத்து வடிவமாக இருக்கும். மாற்றும்போது அது வேறு குறியாக மாறிவிடும் அல்லது காணாமல் போய்விடும். 'கோஎஃபிஷியன்ட்', 'ஸ்பெசிஃபிக்' போன்ற சொற்கள் உடைந்து, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரியும். பொறியியல் பாடத்தில் 'கோஎஃபிஷியன்ட்' எப்படி இவ்வளவு குறைவாக வருகிறது என்று சந்தேகப்பட்டபோதுதான் கண்டுபிடித்தேன்.

அப்புறம் ஒப்பீட்டுச் சொற்கள், அதாவது கீவேர்டு. உங்கள் கோப்புகளை ஒரு பொதுத் தரவகத்தோடு ஒப்பிட்டு, உங்கள் துறையில் மட்டும் வழக்கத்துக்கு மீறி அதிகம் வருபவற்றை மென்பொருள் எடுத்துத் தரும். பட்டியலின் உச்சியில் தூய கலைச்சொற்கள்தான் இருக்கும். அங்கே நிற்காதீர்கள். கீழே இறங்கி, பொது ஆங்கிலத்திலும் உள்ள சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் வேலை அங்கேதான் இருக்கிறது. இணைச்சொற்களை, அதாவது ஒரு சொல்லோடு அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களைப் பார்க்கும்போது, இரு சொற்களின் பிணைப்பைக் கணக்கிடும் எம்.ஐ. என்ற அளவை மட்டும் நம்ப வேண்டாம். அது இரண்டே முறை சேர்ந்து வந்த அபூர்வ ஜோடிகளை மேலே தூக்கிவிடும். குறைந்தது ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும் என்று வரம்பு வையுங்கள்.

பழையசாக்பீஸ்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தாளில் செய்து பார்த்தேன். எடுத்த சொல் 'அவுட்ஸ்டாண்டிங்'. ஸ்கெல்லிலிருந்து ஐந்து வாக்கியம், நிறுவனங்களின் ஆண்டறிக்கையிலிருந்து ஐந்து. முன்பு பேசாமல் உட்கார்ந்திருந்த அதே வகையான மாணவர்கள். ஒருவர், "ஐயா, இந்தப் பக்கம் நடிப்பு, சாதனை என்று பாராட்டு, அந்தப் பக்கம் கடன், பாக்கி, பங்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அப்படியென்றால் பாராட்டு இல்லை, இன்னும் தீராமல் நிற்பது" என்றார். 'ஷேர்ஸ் அவுட்ஸ்டாண்டிங்' என்றபோது பெயருக்குப் பின்னால் வருகிறதே என்று மூன்றாவது ஒருவர் கேட்டார். இதை நான் இத்தனை ஆண்டுகளில் வகுப்பில் சொன்னதே இல்லை. எனக்கே அது கேள்வியாகத் தோன்றியதில்லை.

பட்டியலை விடவில்லை. ஆனால் பட்டியலில் ஒவ்வொரு பத்துச் சொல்லுக்கும் இரண்டை இப்படி எடுக்கப்போகிறேன். ஒரு தாள் தயாரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுதான் கஷ்டம்.

சொல்தேடி

ஐயா, அந்த முக்கால் மணி நேரத்தைப் பகிர்ந்துகொள்ளலாமே. நான் இதுவரை செய்த ஒன்பது தாள்களை இங்கே ஏற்றுகிறேன், எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ள கட்டுரைகளிலிருந்து. ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டுரையிலிருந்து என்று கீழே குறித்திருக்கிறேன். கறுப்புக்கோட்டு 'சப்ஜெக்ட் டு' எடுத்துத் தந்தால், இயந்திரவாசிப்பிடமும் அதே சொல்லைக் கேட்கலாம். அங்கே 'சப்ஜெக்டட் டு' என்று சுமைக்கு உட்படுவது வரும் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே தாளில் வைத்து என் மாணவர்களிடமும் காட்ட ஆசை. அடுத்த வாரம் 'டெண்டர்', 'பிரசென்ட் வித்' இரண்டும் எடுக்கிறேன். மூன்றாம்_ஆண்டு, உங்களைத் திகைக்க வைத்த சின்னச் சொற்கள் இன்னும் இருந்தால் எழுதுங்கள் அம்மா, அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்றாம்_ஆண்டு

எழுதுகிறேன் மேடம். உடனே நினைவுக்கு வருபவை: 'மேனேஜ்', 'இன்சிடென்ட்', 'கிராஸ்', 'குரூட்', 'ஃப்ராங்க்'. கடைசிச் சொல் 'ஃப்ராங்க் பிளட்' என்று வந்தது. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

சொல்தேடி

கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரியும் ரத்தம். பத்து வரிகள் எடுத்து நாளை போடுகிறேன்.